லாரி கேபினைப் பூட்டறதும் தெரியாத ஆளுங்கள சமாளிக்கறதும்: புதுசா வண்டிக்குப் போற தம்பிகளுக்கு

சேலம், சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரியப் பத்தி எழுதறவங்க எல்லாரும் டயர், டீசல், வாடகை ரேட்டுன்னு தான் எழுதறாங்க. கேபின் கதவப் பூட்டறதப் பத்தி ஒருத்தரும் எழுதக் காணோம், அதுல என்னடா சொல்லித்தர இருக்குன்னு ஒரு நெனப்பு. நம்பலன்னா ராத்திரி கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரமா ஒரு நட நடந்து பாருங்க, டிரைவர் அசந்து தூங்கிட்டு இருப்பாரு, இடது பக்கக் கதவு சும்மா சாத்தி வெச்சிருக்கும், கைப்பிடியத் தொட்டா தொறந்துக்கும். அதனால இந்தப் பதிவு ஆரம்பத்துல இருந்து, ஒன்னுமே தெரியாதவங்களுக்குன்னு வெச்சுக்கங்க.

ஒரு விசயத்த மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். ரோட்டுல ஏமாத்தறவன் ஆயிரம் கத சொல்லுவான், டயருங்கறான், ஆக்சிடெண்டுங்கறான், செக்கிங்குங்கறான், எல்லாக் கதைக்கும் நோக்கம் ரெண்டே ரெண்டு தான், ஒன்னு உங்கள கேபின விட்டு எறக்கணும், இல்லன்னா அவன் மேல ஏறணும். கதையக் கேக்காதீங்க, இப்ப இவன் என்னை எறங்கச் சொல்றானா இல்ல ஏறப் பாக்கறானான்னு மட்டும் பாருங்க.

ஸ்டெப் 1: உங்க கதவு நெசமாவே பூட்டுதான்னு சோதிங்க

புது மாடல்ல கம்பெனியே கேபின் போட்டுக் குடுத்த வண்டின்னா சாவிப் பூட்டு இருக்கும். நம்மூர் பட்டறைல பாடி கட்டுன பழைய வண்டின்னா மரச்சட்டமும் தகரமும் தான் கதவு, உள்ள ஒரு தாழ்ப்பாள், வெளிய பூட்டு மாட்ட ஒரு கொண்டி. எதுவா இருந்தாலும் சோதன ஒன்னு தான். பூட்டிட்டு கீழ எறங்கி, படில ஒரு கால வெச்சு, கைப்பிடியப் புடிச்சு நல்லா வெளிப்பக்கம் இழுத்துப் பாருங்க, கதவு ஆடுச்சுன்னா சட்டத்துல இருக்கற லாக் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம், அத பட்டறைல ஒரு மணி நேரத்துல சரி பண்ணிடுவாங்க. அப்புறம் ஏத்தி விட்ட கண்ணாடி மேல ரெண்டு உள்ளங்கையையும் பதிச்சு கீழ அழுத்துங்க. கண்ணாடிய ஏத்தி எறக்கற ரெகுலேட்டர் வீக்கா இருந்தா கண்ணாடி அப்படியே வழுக்கிட்டு நாலு விரக்கட எறங்கும், ஒருத்தன் கைய விட்டு உள்தாழ்ப்பாளத் தூக்கறதுக்கு அந்த எடம் தாராளம்.

இடது பக்கக் கதவப் பத்தி தனியா சொல்லணும். முன்னாடி எல்லாம் வண்டிக்கு ஒரு கிளீனர் இருப்பான், அந்தக் கதவு அவன் பொறுப்பு, பூட்டறதும் அவன் தான். இப்ப ஆளு கெடைக்காம நெறைய வண்டி சிங்கிள் டிரைவர் தான், கிளீனர் போயிட்டான், ஆனா அந்தக் கதவு இன்னும் 'கிளீனர் சைடு' தான், அதுக்கு யாரும் பொறுப்பில்ல. நீங்க வலது பக்கம் ஏறி வலது பக்கம் எறங்கறீங்க, லோடு ஏத்துன எடத்துல பில் குடுக்க வந்த பையன் இடது பக்கம் தொறந்தது அப்படியே இருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி மொதல்ல இடது, அப்புறம் வலது, அப்புறம் தான் சாவி. இந்த வரிச கைக்குப் பழகற வரைக்கும் வாய் விட்டே சொல்லுங்க, யாரும் சிரிக்க மாட்டாங்க, சிரிச்சாலும் பரவால்ல.

ஸ்டெப் 2: டீ குடிக்க எறங்கும்போது

இஞ்சின ஓட விட்டுட்டு, சாவியும் அதுலயே கெடக்க, டீக்கடைக்கு ஓடறது நம்மாளுங்க பழக்கம். கேட்டா செல்ப் எடுக்காதுண்ணா, பேட்டரி வீக்கும்பாங்க. பேட்டரிய மாத்தச் சொல்லி ஓனர்கிட்ட சண்ட போடுங்க, அதுக்காக வண்டிய யாரோ ஒருத்தனுக்கு ரெடியா ஸ்டார்ட் பண்ணி வெச்சிட்டு போகாதீங்க. சாவிய உள்ள விட்டு வண்டி திருடு போச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க கிளைம் குடுக்க நெறைய இழுப்பாங்க. ஸ்பேர் சாவி ஓனர்கிட்ட தான் இருக்கணும், சேஸிஸ் இடுக்குல கம்பியில கட்டி வெக்கறது வேணாம், அந்த எடம் ஊருக்கே தெரியும்.

ஸ்டெப் 3: கண்ணாடி வழியா பேசறது

இது தான் முக்கியமான ஸ்டெப்பு, இத ஒழுங்கா பழகுனா மத்தது தானா வந்துரும்.

யாரு வந்து கதவத் தட்டினாலும் கதவத் தொறக்காதீங்க, கண்ணாடிய ரெண்டு விரக்கட எறக்குங்க, அதுக்கு மேல வேணாம். பேசறது மரியாதையா இருக்கட்டும், 'என்னங்கண்ணா, சொல்லுங்க'ன்னு கேளுங்க. திமிரா பேசறது பலம்னு நெறைய தம்பிங்க நெனைக்கறாங்க, அது தான் சண்டைய இழுத்துட்டு வரும், சண்ட வந்தா நீங்களே கதவத் தொறந்துட்டு எறங்குவீங்க, அவனுக்கு வேண்டியதும் அது தானே. அட்ரஸ் கேட்டா உள்ள இருந்தே சொல்லுங்க. அவர் பேப்பர நீட்டுனா எட்டி வாங்காதீங்க, 'படிச்சுக் காட்டுங்கண்ணா'ன்னு சொல்லுங்க. பேசும்போதே எதிர்ப்பக்கக் கண்ணாடியையும் ஒரு பார்வ பாத்துக்கங்க, ஏன்னா ஒருத்தன் இந்தப் பக்கம் பேச்சு குடுத்துட்டு இன்னொருத்தன் அந்தப் பக்கம் வர்றது தான் பழைய வித்த.

என்ன லோடு, எங்க போறீங்க, தனியாவா வந்தீங்கன்னு டீக்கடைல ஒருத்தர் ரொம்ப அன்பா கேட்டா, உண்மைய சொல்லணும்னு ஒரு சட்டமும் இல்ல. 'காலி வண்டிங்க, கூட இன்னொரு வண்டி பின்னாடி வருது' போதும். ஜவ்வரிசி மூட்ட ஏத்திருக்கேன், இரும்பு காயில் ஏத்திருக்கேன்னு ரேட்டு வரைக்கும் ஒப்பிக்க வேணாம். பிஸ்கட், கூல் டிரிங்ஸ் யாராச்சும் குடுத்தா 'இப்ப தான் சாப்டேங்க'.

ஸ்டெப் 4: 'டயர்ல புக வருது'

பைக்ல ரெண்டு பேர் பக்கத்துல வந்து கையக் காட்டி கத்துவாங்க, பின்னாடி டயர்ல புக வருது, டீசல் ஒழுகுது, தார்பாய் அவுந்து பறக்குதுன்னு. நெசமாவும் இருக்கலாம், அது தான் இதுல சிக்கலே, நெறைய பேர் நல்ல மனசோட தான் சொல்றாங்க. அதனால கையக் காட்டி நன்றி சொல்லிட்டு அங்கயே நிறுத்தாம ஸ்பீட கொறச்சுட்டு கண்ணாடில பாருங்க, புகையா இருந்தா தெரியும், ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுத்தாலும் தெரியும். அப்படி நெசமா ஏதும் இருந்தா ஓரம் கட்டித்தான் ஆவணும், அதுல விளையாடாதீங்க. ஒன்னும் தெரியலன்னா அடுத்த பங்க், ஓட்டல், டோல்கேட்னு வெளிச்சமும் ஆளும் இருக்கற எடத்துல போய் நிறுத்திப் பாருங்க. எறங்கும்போது சாவிய எடுங்க, ரெண்டு கதவையும் பூட்டுங்க, போன பாக்கெட்ல போடுங்க. ரூபா நோட்டு கீழ கெடக்குது உங்களுதான்னு கேட்டா அது உங்களுது இல்ல.

முன்கண்ணாடில முட்ட அடிச்சா உடனே வைப்பரப் போட்டு தண்ணி அடிக்காதீங்க, கொழகொழன்னு கண்ணாடி பூரா இழுவிட்டு ரோடே தெரியாது. தெரியற எடம் வழியா பாத்துட்டு மெதுவா வெளிச்சத்துக்குப் போங்க.

சேலத்துல இருந்து தர்மபுரி பக்கம் போறவங்களுக்கு: தொப்பூர் ஏத்தத்துல லோடு வண்டி ஊர்ந்து தான் போகும், நடக்கற ஆளு கூட பின்னாடி தொத்திக்கலாம். அதனால ஏத்தம் தொடங்கறதுக்கு முன்னாடியே கதவையும் கயிறு தார்பாயையும் ஒரு தடவ பாத்துருங்க.

ஸ்டெப் 5: காக்கி சட்ட போட்டவர் கேட்டா

போலீசு நிறுத்துனா நிறுத்தணும், அதுல பேச்சே இல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 130-வது பிரிவுப்படி யூனிபார்ம்ல இருக்கற போலீஸ் அதிகாரி கேட்டா லைசென்ஸ் காட்டணும். மப்டில ஒருத்தர் கார்ல வந்து மறிச்சு 'ஸ்பெஷல் ஸ்குவாடு, எறங்கு'ன்னா, கதவப் பூட்டி வெச்சே ஐடி கார்டு காட்டச் சொல்லுங்க, சந்தேகம் தீரலன்னா அவசர போலீசு நம்பர் 112-க்கு அடிச்சு 'இந்த எடத்துல இந்த நம்பர் கார்ல வந்து நிறுத்தறாங்க, உங்க ஆளுங்களா'ன்னு கேளுங்க. நெசமான அதிகாரி இதுக்குக் கோவப்பட்டாலும் தப்பா நெனைக்க மாட்டாரு, போலி ஆளு அந்த நிமிசமே கெளம்பிடுவான்.

ஒரிஜினல் பேப்பர கைல குடுத்து மாட்டிக்காம இருக்க டிஜிலாக்கர், எம்பரிவாகன்னு ரெண்டு அரசு ஆப்பையும் போன்ல ஏத்தி வெச்சுக்கங்க, 2018-லயே அது ரெண்டுல இருக்கற லைசென்ஸ், ஆர்சி செல்லும்னு மத்திய அரசு சொல்லிடுச்சு. வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல, தமிழ்நாட்டுக்குள்ளயே ஒரு லட்சத்துக்கு மேல சரக்குன்னா, ஈ-வே பில் (சரக்குக்கு ஜிஎஸ்டில எடுக்கற பில்) தேதி முடியலியான்னும் பாத்துக்கங்க, 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. பேப்பர் பக்காவா இருக்கறவன் தான் தைரியமா கண்ணாடி வழியா பேசுவான், பேப்பர்ல ஓட்ட இருந்தா எவன் மெரட்டுனாலும் எறங்கி ஓரமா போய் பேசலாங்கண்ணான்னு தான் வரும்.

ஸ்டெப் 6: லிப்ட் கேட்டா

மனசுக்குக் கஷ்டமான ஸ்டெப்பு இது. ராத்திரி பஸ்ஸ விட்டுட்டு ஒரு அம்மா பைய வெச்சிட்டு நிக்கும், ஏத்தாம போக நமக்கு வராது. ஆனா சரக்கு வண்டில சும்மா ஏறுன ஆளுக்கு விபத்துல ஏதாச்சும் ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லன்னு 2002-லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு, சரக்கோட ஓனரோ அவர் அனுப்பின ஆளோ கூட வந்தா தான் கணக்கு வேற. அப்ப ஏத்துன ஆளோட உசுருக்கு யாரு பதில் சொல்றது, ஓனரும் நீங்களும் தான். அதோட ஏறுன ஆளு ஒருத்தர்னு நெனைப்பீங்க, அடுத்த திருப்பத்துல இன்னும் மூணு பேர் நிப்பாங்க.

சொல்றதுக்கு ஒரு வரி: 'இல்லீங்கம்மா, உள்ள கேமரா இருக்கு, ஆள் ஏத்துனா ஓனர் வேலைய விட்டு எடுத்துருவாரு.' கேமரா இல்லாட்டியும் சொல்லுங்க. மனசு கேக்கலன்னா பக்கத்து டோல்கேட்லயோ பங்க்லயோ சொல்லிட்டு போங்க, இல்ல 112-க்கு கூப்டு சொல்லுங்க.

விபத்துல ஆளு அடிபட்டுக் கெடந்தா அது வேற கத. உதவி பண்றவங்களுக்கு 2019 திருத்தத்துல 134ஏ-ன்னு தனிப் பிரிவே பாதுகாப்பு குடுக்குது, ஸ்டேஷனுக்கு அலைய விட்ருவாங்கன்னு பயந்துட்டு போகாதீங்க. மொதல்ல 108-க்கு போன், அப்புறம் கொஞ்சம் தள்ளி இண்டிகேட்டர் போட்டு நிறுத்தி, பூட்டிட்டு, சாவியோட எறங்குங்க.

ஸ்டெப் 7: தூங்கறது

ரோட்டோரம் இருட்டுல நிறுத்தித் தூங்கறது திருட்ட விட பின்னாடி இடிக்கற வண்டியால ஆபத்து, அதனால பங்க்கோ பெரிய ஓட்டலோ பாருங்க. எடம் இருந்தா பின்கதவு செவுத்த ஒட்டி நிக்கற மாதிரி ரிவர்ஸ் எடுத்து போடுங்க. ரெண்டு கதவோட உள்கைப்பிடியையும் சேத்து ஒரு லோடு பெல்ட்ட குறுக்க இழுத்துக் கட்டிட்டா, வெளிய பூட்டத் தொறந்தாலும் கதவு வராது. ஆனா கட்டறது ஒரே இழுப்புல அவுர்ற மாதிரி இருக்கணும், உள்ள தொங்கு பூட்டு போட்டுட்டு சாவியத் தலையணைக்கு அடில தேடற கத வேணாம், தீ புடிச்சா நேரம் இருக்காது. இஞ்சின ஓட விட்டு எல்லாக் கண்ணாடியும் அடச்சுட்டு தூங்காதீங்க, புகை உள்ள வந்தா வாசனையே தெரியாம ஆள முடிச்சிரும். கண்ணாடி ரெண்டு விரக்கட எறங்கி இருக்கட்டும். பேண்ட்ட ஜன்னல் பக்கம் மாட்டாதீங்க, போன டேஷ்போர்டுல சார்ஜ் போட்டு வெக்காதீங்க, குச்சியில கம்பிய வளச்சு கட்டிட்டு வந்து அந்த ரெண்டு விரக்கட சந்துலயே எடுத்துட்டு போற கில்லாடிங்க இருக்காங்க.

லீ பஜார்ல, ஏற்காட்டுல

சேலம் செவ்வாய்ப்பேட்ட லீ பஜார்ல லோடு எறக்கும்போது பின்னாடி மூட்ட எண்ணிட்டு நிப்பீங்க, முன்னாடி கேபின் தெறந்து கெடக்கும், சந்து நெறைய ஆளு போவாங்க வருவாங்க. எண்றதுக்கு முன்னாடி பூட்டுங்க, அவ்ளோ தான்.

ஏற்காட்டுக்கு சிமெண்டோ ஹாலோ பிளாக்கோ ஏத்திட்டு போறவங்களுக்கு ரெண்டு விசயம். சேலம் ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்னுலயும் வண்டி நின்னு நின்னு தான் திரும்பும், எஸ்டேட் ஆளுங்க பழக்கத்துல படில ஏறி நின்னுக்குவாங்க, பாவம் நல்லவங்க தான், ஆனா வளைவுல கை நழுவுனா பள்ளம். மரியாதையா எறக்கி விடுங்க. இன்னொன்னு கொரங்கு. வண்டிய ஓரம் கட்டிட்டு கண்ணாடிய எறக்கி வெச்சீங்கன்னா சாப்பாட்டுப் பொட்டலம் மட்டும் போகாது, பில் வெச்ச கவரும் சேந்து மரத்து மேல போகும். இதுக்கு எந்த டயலாக்கும் செல்லாது, கண்ணாடி ஏத்தறது ஒன்னு தான் வழி.

எல்லாத்தையும் மீறி ஏதாச்சும் நடந்துட்டா

தொரத்திட்டு ஓடாதீங்க. கதவப் பூட்டி ஆரன விடாம அடிங்க, 112-க்கு கூப்டுங்க, நேஷனல் ஹைவேல இருந்தா ஹைவே உதவி நம்பர் 1033-யும் இருக்கு. எடம் சொல்லத் தெரியலன்னா ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லுல இருக்கற நம்பரச் சொல்லுங்க. தமிழ்நாடு போலீசோட 'காவல் உதவி' ஆப் முன்னாடியே போன்ல போட்டு வெச்சா இன்னும் சுலபம். போன் பறிபோய் யூபிஐ-ல பணம் எடுத்துட்டாங்கன்னா யார் போன்ல இருந்தாவது உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930-க்கு அடிங்க. அப்புறம் ஓனருக்குச் சொல்லிட்டு ஸ்டேஷன்ல புகார் எழுதிக் குடுங்க, சிஎஸ்ஆர் ரசீது (புகார வாங்கிட்டோம்னு ஸ்டேஷன்ல குடுக்கற சீட்டு) கைக்கு வராம அந்த எடத்த விட்டு நகராதீங்க, லோடு குடுத்த பார்ட்டியும் சரி இன்சூரன்ஸும் சரி மொதல்ல கேக்கப் போறது அந்தப் பேப்பரத் தான்.