வீட்டு முட்டையில் சால்மோனெல்லா வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கடலூர், பாகூர் பக்கம் பத்து இருபது முட்டைக்கோழி வளர்க்கத் தொடங்குபவர்களுக்காக இது. சால்மோனெல்லா என்ற பாக்டீரியாக் கிருமியில் பல வகை உண்டு. கோழியையே சாய்த்துவிடும் வகை சீக்கிரம் தெரிந்துவிடும். நம் வயிற்றைக் கெடுக்கும் ‘என்டரிடிடிஸ்’ வகை அப்படியல்ல. கோழி நன்றாகத் தின்னும், முட்டையும் இடும். ஆனால் கிருமி முட்டை உருவாகும் உறுப்பிலேயே தங்கி, ஓடு மூடும் முன்பே உள்ளே போய்விடும். ‘நம்ம கோழி நல்லாத்தானே இருக்கு’ என்று விட்டுவிட முடியாது.

படி 1: தாய்க்கோழிகளைச் சோதித்த பொரிப்பகத்தில் குஞ்சு வாங்குங்கள். சந்தையில் கலந்து வாங்க வேண்டாம்.

படி 2: எலி. என்னைக் கேட்டால் பாதி வேலை இதுதான். சுண்டெலி கிருமியை மாதக்கணக்கில் குடலில் வைத்திருந்து, தீவனத்தில் புழுக்கையாகப் போடும். பழைய கோழிகளை விற்றுக் கொட்டகையைக் கழுவினாலும், எலி மிஞ்சினால் புதுக் கோழிக்கும் தொற்றிவிடும். தீவனத்தை மூடி போட்ட டிரம்மில் வையுங்கள். இரவில் தீவனத் தட்டை எடுத்துவிடுங்கள். சுண்டுவிரல் நுழையும் சந்து கூட சுண்டெலிக்குப் போதும். ஐப்பசி மழையில் வயலில் தண்ணீர் ஏறினால் எலிகள் மேட்டைத் தேடி உங்கள் கொட்டகைக்குத்தான் வரும், அதனால் புரட்டாசியிலேயே அடைத்துவிடுங்கள்.

படி 3: தரையில் உமியோ மல்லாட்டைத் தோலோ போடலாம். உமி என்றால் ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள்: உதிர்ந்தால் சரி, கட்டியாக நின்றால் ஈரம் அதிகம். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித்தான் முதலில் நனையும்.

படி 4: காலையும் மாலையும் முட்டை எடுங்கள். எச்சம் பட்டிருந்தால் குளிர்ந்த தண்ணீரில் கழுவாதீர்கள். வெதுவெதுப்பான முட்டை குளிரும்போது உள்ளே சுருங்கி, ஓட்டின் நுண்துளை வழியாக அழுக்குத் தண்ணீரை இழுக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். விரிசல் விட்டதை விற்காதீர்கள்.

அப்புறம், மருந்துக்கடையில் சொன்னார்கள் என்று தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலக்க வேண்டாம். மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். சந்தேகம் இருந்தால் புதுச்சேரி குரும்பாபேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரியில் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

சமையலறையில் ஒரே விதி: வெள்ளையும் மஞ்சளும் இரண்டுமே கெட்டியாக வேக வேண்டும். ஆஃப் பாயில் பிரியர்கள் மன்னிக்கவும். பிரிட்டனில் 1990களில் கோழிகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கி, 2017இல்தான் சிங்க முத்திரை முட்டையை (தடுப்பூசி போட்ட கோழிகளின் முட்டை என்பதற்கான அடையாளம்) கர்ப்பிணிகளும் அரைவேக்காடாகச் சாப்பிடலாம் என்றார்கள். தமிழ்நாட்டிலோ 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடையே போட்டார்கள்.

சாப்பிட்ட ஆறு மணி நேரத்திலிருந்து மூன்று நாளுக்குள் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். குழந்தை, முதியவர், கர்ப்பிணி என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். வீட்டில் கோழி இருப்பதையும் சொல்லுங்கள்.