தள்ளிப்போடும் பழக்கம்: ஏழு வாரம் பதில் போடாதவன் எழுதும் செய்முறை

எனக்கு வந்த ஒரு மின்னஞ்சலுக்கு நான் ஏழு வாரம் பதில் போடவில்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் எனக்கு மேலாளராக இருந்தவர், பழைய திட்டம் ஒன்றைப் பற்றி இரண்டு பக்கத்தில் ஒரு சுருக்கம் கேட்டிருந்தார். தகவல் எல்லாம் என் கையில்தான் இருந்தது. உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேர வேலை. அந்த ஏழு வாரத்தில் நான் சும்மாவும் இருக்கவில்லை. புத்தக அலமாரியை அகர வரிசையில் அடுக்கினேன். ஐந்து வருடப் புகைப்படங்களைக் கோப்புறை வாரியாகப் பிரித்தேன். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டேன். அந்த அஞ்சலை மட்டும் திறக்கவில்லை.

கடைசியில் அதை எப்படி அனுப்பினேன், அதே முறையை வேறு வேலைகளுக்கு எப்படிப் பழக்கிக்கொண்டேன் என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். சீக்கிரம் எழுவது, அலாரம் வைப்பது, அட்டவணை போடுவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அவை உங்களுக்கே தெரியும். தெரிந்தும் நடக்கவில்லை என்பதால்தானே இந்தப் பக்கம் வந்திருக்கிறீர்கள்.

தொடங்கும் முன்: இது சோம்பலா?

திருக்குறளில் மடியின்மை அதிகாரத்தில் 605ஆம் குறள், ஒருவரைக் கெடுப்பவை என்று நான்கை வரிசையாகச் சொல்கிறது: நெடுநீர், மறவி, மடி, துயில். மடி என்றால் சோம்பல். நெடுநீர் என்பது விரைந்து செய்ய வேண்டியதை நீட்டிக்கொண்டே போகும் இயல்பு. சோம்பலைப் பற்றிய அதிகாரத்திலேயே தள்ளிப்போடுவதற்குத் தனிப்பெயரும் தனியிடமும் இருக்கின்றன. (கெடப்போகிறவர்கள் ஆசையாக ஏறும் ஒரே கலத்தில்தான் வள்ளுவர் இரண்டையும் ஏற்றுகிறார் என்பது வேறு விஷயம்.)

வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். சோம்பலாக இருக்கும்போது வேலை உறுத்தாது, படுத்தால் நிம்மதியாகத் தூக்கம் வரும். தள்ளிப்போடும்போது உறுத்திக்கொண்டே இருக்கும். உளவியலில் இதை ஏறக்குறைய இப்படித்தான் வரையறுக்கிறார்கள்: செய்வதென்று நாமே முடிவெடுத்த ஒன்றை, தாமதித்தால் நமக்குத்தான் நட்டம் என்று தெரிந்தும் தாமதிப்பது. ஆகவே இன்னொருவரிடமிருந்து தகவல் வரக் காத்திருப்பதும், யோசித்து நிதானமாக முடிவெடுப்பதும் இதில் சேராது. அவற்றையும் சேர்த்து உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.

சரி, ஏன் செய்கிறோம்?

நேரத்தைக் கையாளத் தெரியாததுதான் காரணம் என்று நான் ரொம்ப நாள் நம்பினேன். ஃபியூஷா சிர்வா, திமோதி பிச்சில் என்ற இரு உளவியலாளர்கள் 2013இல் எழுதிய கட்டுரை வேறு கோணத்தில் பார்க்கிறது. அந்த வேலையை நினைத்தாலே ஒரு கசப்பு வருகிறது. சலிப்போ, பயமோ, குழப்பமோ ஏதோ ஒன்று. வேலையைத் தள்ளினால் அந்தக் கசப்பு அந்த நொடியே போய்விடும். நாம் ஒவ்வொரு முறையும் வாங்குவது அந்த ஒரு நொடி நிம்மதியை. அது உடனே கிடைப்பதால் பழக்கம் கெட்டிப்பட்டுவிடுகிறது.

இதோடு காலக்கெடுவின் தூரமும் சேர்ந்துகொள்ளும். பியர்ஸ் ஸ்டீல் என்ற ஆய்வாளர் 2007இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தள்ளிப்போடுவதோடு வலுவாகச் சேர்ந்து வந்தவை இவை: வேலை பிடிக்காமை, பலன் தூரத்தில் இருப்பது, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை குறைவு, கண்ணில் பட்டதன் பின்னால் ஓடும் மனம். எல்லாம் கச்சிதமாக வர வேண்டும் என்ற ஆசைதான் காரணம் என்று பலர் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம் இல்லையா? அதற்கும் இதற்கும் பெரிய தொடர்பு அவருக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இருந்த ஒரே கௌரவமான சாக்கும் அதோடு போயிற்று.

படி 1: ஒரே ஒரு வேலை

தள்ளிப்போட்டதில் ஒன்றை மட்டும் எடுங்கள். பட்டியல் வேண்டாம். அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: கசப்புக்குப் பெயர் வையுங்கள்

அந்த வேலையை மனதில் கொண்டுவந்து, வருகிற உணர்வை ஒரே சொல்லில் ஒரு தாளில் எழுதுங்கள். மருந்து ஆளுக்கு ஆள் மாறுவதைவிட உணர்வுக்கு உணர்வு அதிகம் மாறும் என்பது என் அனுபவம்.

சலிப்பு என்றால் வேலையைத் துண்டாக்கி, நேரம் குறித்து ஓட்டிவிடலாம். குழப்பம் என்றால் எத்தனை முறை நேரம் குறித்தாலும் பயனில்லை, தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பயம் என்றால், யாரும் பார்க்கப்போகாத ஒரு மோசமான வரைவை முதலில் எழுதுவது உதவும். எரிச்சல் என்றால் (யாரோ நம் தலையில் கட்டிய வேலை) முடியாது என்று சொல்ல முடியுமா என்று முதலில் பாருங்கள். சில வேலைகளுக்கு அதுவே சரியான முடிவு.

என் தாளில் விழுந்த சொல் வெட்கம். முதல் வாரத்தில் அது வெறும் சலிப்பாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரம், ‘இவ்வளவு தாமதமாகிவிட்டது, கொஞ்சம் விரிவாக எழுதி அனுப்புவோம்’ என்று தோன்றியது. நான்காம் வாரத்தில் வரைபடமும் சேர்க்காமல் அனுப்ப முடியாது என்றாயிற்று. கடன் அப்படியே இருக்க வட்டி ஏறுவதுபோல, அவர் கேட்காத வேலையெல்லாம் அந்த இரண்டு பக்கத்தின் மேல் ஏறிக்கொண்டே போனது. உங்கள் வேலையும் இப்படி வீங்கியிருந்தால், முதலில் கேட்டது என்ன என்று அந்தப் பழைய அஞ்சலையோ குறிப்பையோ திறந்து மறுபடி படியுங்கள். என்னுடையதில் இருந்தது: ‘இரண்டு பக்கம் போதும்.’

படி 3: முதல் அசைவு

இங்கேதான் நான் இரண்டு முறை கவிழ்ந்தேன். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதல் தடவை என் தாளில் ‘சுருக்கம்’ என்று எழுதி வைத்தேன். அது ஒரு வேலையின் பெயர். செய்யக்கூடிய செயல் அதில் எதுவும் இல்லை. திருத்தி, ‘சுருக்கத்தைத் தொடங்கு’ என்று எழுதினேன். அதுவும் அதே கதைதான். தொடங்குவது என்றால் கையால் என்ன செய்வது? நான் இப்போது வைத்திருக்கும் சோதனை இது: எழுதியதை இன்னொருவரிடம் கொடுத்தால், கேள்வி கேட்காமல் அவரால் அதைச் செய்ய முடிய வேண்டும். ‘மடிக்கணினியைத் திறந்து, திட்டத்தின் கடைசி அறிக்கையைத் தேடி எடுத்து, அதன் உட்தலைப்புகளை வெற்றுக் கோப்பில் ஒட்டு.’ இது தேறும். இரண்டு நிமிடத்தில் முடியும், இதில் யோசிக்கவும் ஒன்றுமில்லை.

இரண்டாவது தடுக்கல் இதைவிட நுட்பமானது. ‘ஐந்து நிமிடம் மட்டும் செய், பிறகு நிறுத்திக்கொள்ளலாம்’ என்ற உத்தியை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எனக்கு அது முதல் நாள் அற்புதமாக வேலை செய்தது. ஐந்து நிமிடம் என்று உட்கார்ந்து நாற்பது நிமிடம் எழுதினேன். மறுநாள் உட்காரவே முடியவில்லை. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. ஐந்து நிமிடம் என்று ஆசைகாட்டி நாற்பது நிமிடம் வேலை வாங்கிய ஆளை மனம் மறுநாள் எப்படி நம்பும்?

ஆகவே முதல் மூன்று நாள், ஐந்து நிமிடம் என்றால் ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி. பாதி வாக்கியமாக விடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. மறுநாள் எங்கே தொடங்குவது என்ற கேள்வியே எழாது, அந்த வாக்கியத்தை முடித்தால் போதும். நான்காம் நாளிலிருந்து உங்கள் விருப்பம்.

படி 4: ‘இது நடந்தால் அது’

‘நாளைக்குச் செய்வேன்’ என்பதற்குப் பதிலாக, ‘காலையில் பல் துலக்கி முடித்ததும், மேசையில் உட்கார்ந்து கோப்பைத் திறப்பேன்’ என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இந்த வகைத் திட்டத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறுமனே இலக்கு வைப்பதைவிட இப்படி நிகழ்வோடு முடிச்சுப் போடுவது நன்றாகவே பலன் தந்தது. மணியோடு முடிச்சுப் போடாதீர்கள். ஒன்பது மணி என்று வைத்தால், 9.04 ஆனதும் ‘சரி, பத்து மணிக்கு’ என்று தோன்றும். எனக்கு மட்டும்தானா இது?

படி 5: கருவிகள்

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலைப்பட்டியல் செயலிகள் எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, வண்ணம் கொடுத்து, வகை பிரித்து மூன்று மாலைகளைக் கழித்திருக்கிறேன். அந்த மூன்று மாலையும் நான் தள்ளிப்போட்டுக்கொண்டுதான் இருந்தேன், பார்ப்பதற்குத்தான் வேலைபோல இருந்தது. இப்போது உள்ளங்கை அளவுத் தாள் ஒன்று, அதில் ஒரு வரி. அவ்வளவுதான்.

‘தொடர்ந்து 30 நாள்’ என்று எண்ணிக் காட்டும் செயலிகளை இன்னும் நம்பமாட்டேன். ஒரு நாள் அறுந்தால் எல்லாமே போன மாதிரி ஆகிவிடுகிறது.

நேரம் குறிக்க, முறுக்கிவிடும் கடிகாரமே எனக்குப் பிடித்தது. பொமோடோரோ முறையை 1980களின் பிற்பகுதியில் உருவாக்கிய பிரான்செஸ்கோ சிரில்லோவும் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தைத்தான் பயன்படுத்தினார். பொமோடோரோ என்றால் இத்தாலிய மொழியில் தக்காளி. அவர் கணக்கு 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 25 அதிகம் என்பேன், 15 வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியிலேயே நேரம் குறித்தால் எத்தனை நிமிடம் மிச்சம் என்று பார்க்கப் போய் வேறெங்கோ போய்விடுவோம். கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.

படி 6: விட்டுப்போன மறுநாள்

கட்டாயம் ஒரு நாள் விட்டுப்போகும். அன்று உங்களைத் திட்டிக்கொள்வது கடமை மாதிரி தோன்றும். கனடாவில் முதலாண்டுப் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். படி 2ஐ நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். திட்டத் திட்ட, அந்த வேலையோடு ஒட்டிய கசப்புதான் கூடுகிறது. நான் செய்வது: நேற்றைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அதே வரியைப் புதுத் தாளில் எழுதுவேன்.

சேர்ப்பு 1: ‘எனக்குக் கடைசி நேரத்தில்தான் நன்றாக வருகிறது’ என்று இதைப் படித்த நான்கைந்து பேர் எழுதியிருந்தார்கள். நானும் இதைச் சொல்லியிருக்கிறேன். டைஸ், பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வில், தள்ளிப்போடும் மாணவர்கள் பருவத்தின் தொடக்கத்தில் மற்றவர்களைவிட நிம்மதியாகத்தான் இருந்தார்கள். முடிவில் அழுத்தமும் உடல்நலக் குறைவும் அவர்களுக்கு அதிகம், மதிப்பெண்ணும் குறைவு. கடைசி நேரத்தில் வேலை வருவது உண்மைதான். ஆனால் முன்கூட்டியே செய்திருந்தால் எப்படி வந்திருக்கும் என்று நாம் ஒருமுறைகூடச் சோதித்துப் பார்த்ததில்லையே.

சேர்ப்பு 2: எத்தனை நாள் ஒதுக்குவது என்று ஒருவர் கேட்டிருந்தார். நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். நான் தோன்றுகிற கணக்கை இரண்டால் பெருக்கிவிடுகிறேன்.

சேர்ப்பு 3: எந்தப் படியும் உதவவில்லை, குளிப்பதுகூடப் பெரிய வேலையாக இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மனச்சோர்வும், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைபாடும் வெளியே தள்ளிப்போடுதல் போலவே தெரியலாம். பிடித்த வேலைகளும் நகரவில்லை, வாரக்கணக்கில் அப்படியே இருக்கிறது என்றால், தாளையும் கடிகாரத்தையும் விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

சேர்ப்பு 4: வேலையை முடித்துவிட்டு, அனுப்பும் பொத்தானை மட்டும் அழுத்த முடியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் இத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அனுப்புவதையும் தனி வேலையாக எண்ணி அதற்கும் ஒரு முதல் அசைவு எழுதுங்கள். மன்னிப்பு ஒரு வரிக்கு மேல் வேண்டாம். நான் எழுதியது: ‘தாமதத்துக்கு மன்னிக்கவும். நீங்கள் கேட்ட சுருக்கத்தை இணைத்திருக்கிறேன்.’ காரணம் விளக்கும் மூன்று பத்தி எழுதி, அழித்து, இதை அனுப்பினேன்.

இருபது நிமிடத்தில் பதில் வந்தது. ‘நன்றி. இரண்டாம் அட்டவணையில் அலகு விட்டுப்போயிருக்கிறது, சேர்த்து அனுப்பவும்.’

அதை அனுப்ப எனக்கு மூன்று நாள் ஆயிற்று.