கடல்நீரின் உலோகக் கோட்டைப் படிக்கும் முறை

கடல்நீரில் மிகச் சிறிய அளவில் கரைந்துள்ள சுவடு உலோகத்தின் செறிவைக் கிடை அச்சிலும், ஆழத்தைக் கீழ்நோக்கிய செங்குத்து அச்சிலும் குறித்து வரைவது வழக்கம். கோட்டின் வடிவத்தை ஆராயும் முன் அளவுகள் நம்பத்தக்கவையா என்று பார்க்க வேண்டும். கப்பலின் துருவும் எஃகு வடமும் மாதிரியைக் கெடுத்துவிடுவதால், 1970களின் நடுப்பகுதிக்கு முன் வெளியான துத்தநாகம், ஈயம், இரும்பு அளவுகளில் பெரும்பாலானவை உண்மையைவிடப் பன்மடங்கு மிகையானவை. பிற்காலக் கோட்டிலும் தனியொரு புள்ளி மட்டும் வலப்புறம் விலகி நின்றால், முதலில் மாதிரிக் குப்பியைச் சந்தேகிப்பதே முறை.

அடுத்து, அதே இடத்தின் உப்புத்தன்மைக் கோட்டையும், மிதவை உயிரிகளுக்கு ஊட்டமாகும் சிலிகேட், பாஸ்பேட் கோடுகளையும் அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். மாலிப்டினம் உப்புத்தன்மையை ஒட்டியே மாறுவதால், திறந்த கடலில் எங்கும் கிலோவுக்கு ஏறத்தாழ 107 நானோமோல் (மோலின் நூறு கோடியில் ஒரு பங்கு நானோமோல்) தான். அதில் படிப்பதற்கு அதிகமில்லை. காட்மியம் பாஸ்பேட்டைப் பின்தொடரும். துத்தநாகம் சிலிகேட்டைப் பின்தொடரும்: வட பசிபிக்கின் மேற்பரப்பில் 0.1 நானோமோல் அளவில் இருப்பது, ஆழத்தில் 9 நானோமோலை நெருங்குகிறது. மிதவை உயிரிகள் மேலே உறிஞ்சிக்கொண்டதை, அவற்றின் எச்சங்கள் மூழ்கிச் சிதையும்போது கடல் திரும்பப் பெறுகிறது. ஆயினும் டயட்டம்கள் என்னும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓட்டில் உள்ள துத்தநாகம் சொற்பமே என்பதால், இரு கோடுகளும் ஒத்துப்போவதைக் கொண்டு இரண்டும் சேர்ந்தே கரைகின்றன என்று முடிவுகட்டலாகாது. அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலில் டயட்டம்கள் இரண்டையும் ஒருசேர உறிஞ்சுவதும், அங்கிருந்து பரவும் நீர் அந்தக் குறைவைச் சுமந்து செல்வதும் இந்த ஒற்றுமைக்குப் பெரிய காரணங்கள்.

ஒரே இடத்துக் கோட்டோடு நிற்காமல் பெருங்கடல்களையும் ஒப்பிட வேண்டும். அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்கு ஆழ்நீர் செல்லப் பல நூறு ஆண்டுகள் ஆகின்றன. அவ்வழியில் துத்தநாகம் சேர்ந்துகொண்டே போக, துகள்களில் ஒட்டி வீழும் அலுமினியம் குறைந்துகொண்டே போகிறது. சகாராப் புழுதி விழும் அட்லாண்டிக்கில் அது மேற்பரப்பிலேயே மிகுந்திருக்கும்.

உப்புத்தன்மையை ஒட்டுவது, ஊட்டத்தைப் பின்தொடர்வது, துகள்களில் ஒட்டி வீழ்வது என்ற இந்தப் போக்குகளில் எதிலும் இரும்பு முழுமையாக அடங்காது. மேலே உயிரிகள் அதை உறிஞ்சுகின்றன. கீழே துகள்கள் வாரிச் செல்கின்றன. கரிமச் சேர்மங்கள் பற்றிக்கொண்ட பகுதியே பெரும்பாலும் கரைந்து நிற்கிறது. ஆகவே இரும்புக் கோட்டில் இடையே ஒரு புடைப்பு தெரிந்தால், அதை மேலிருந்து கீழாக மட்டும் விளக்க முற்படாமல், கண்டத்திட்டு, கடலடி எரிமலை முகடு எனப் பக்கவாட்டு மூலங்களையும் தேட வேண்டும். 2013இல் தென் பசிபிக்கில் எடுத்த மாதிரிகளில், கிழக்குப் பசிபிக் முகட்டின் வெந்நீர் ஊற்றுகள் உமிழ்ந்த கரைந்த இரும்பு, முகட்டுக்கு மேற்கே 4,000 கிலோமீட்டருக்கு அப்பாலும் தென்பட்டது.