வளர்ச்சி மனப்பான்மைப் பாடங்கள்: சோதிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனிதரின் குணமும் திறனும் கல்லில் எழுதிய எழுத்தல்ல, முயற்சியாலும் தகுந்த வழிமுறையாலும் பிறர் உதவியாலும் மாறக்கூடியவை என்னும் நம்பிக்கைக்கு உளவியலாளர் கேரல் டுவெக் வளர்ச்சி மனப்பான்மை என்று பெயரிட்டார். பதின்பருவத்தினரின் மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைப்பதற்காக, இதனை அரை மணி நேரத்தில் இணையவழி கற்பிக்கும் பாடங்கள் இன்று பல உள்ளன. மூளை எவ்வாறு மாறுகிறது என்ற சிறு விளக்கம், சற்று மூத்த மாணவர்களின் அனுபவங்கள், இறுதியில் அதே துன்பத்தில் உழலும் இன்னொருவருக்கு ஆறுதலாகச் சில வரிகள் எழுதும் பயிற்சி என்பதே பெரும்பாலும் அவற்றின் அமைப்பு. ஆலோசகர் எவரையும் அணுக வழியில்லாத பிள்ளையிடமும் கைப்பேசி மூலம் போய்ச் சேரும் என்பதால் இவற்றை மனமார வரவேற்கிறேன். ஆனால், ஒரு பாடத்தைச் சோதித்துப் பார்க்கும்போது காலம் செய்த வேலையை, அக்கறை செய்த வேலையைப் பாடத்தின் கணக்கில் எழுதிவிடும் பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது.

ஒப்பீட்டுக் குழு இல்லாமல் சோதிப்பதுதான் இவற்றுள் மிகப் பெரிய தவறு. மனம் மிகவும் சோர்ந்திருக்கும் நாளில்தான் ஒரு மாணவி இத்தகைய பாடத்தைத் தேடி வருகிறாள். மனச்சோர்வின் கடுமையை அளக்க, பூச்சியம் முதல் 27 வரை மதிப்பெண் தரும் பி.எச்.க்யூ-9 (PHQ-9) என்ற ஒன்பது கேள்வி வினாத்தாளில் அன்று அவளுக்கு 17 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வினாத்தாள் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியே கேட்கிறது. தேர்வு முடிந்து, தோழியோடு இருந்த பிணக்கும் தீர்ந்து, இரண்டு மாதம் கழித்து அவள் மீண்டும் நிரப்பும்போது 12 வந்தால், அந்த ஐந்து மதிப்பெண் யாரால் குறைந்தது? உச்சத்தில் அளந்த எதுவும் அடுத்த முறை அளக்கும்போது இறங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட இரண்டாவது குழு ஒன்று இருந்தால் மட்டுமே இந்த இயல்பான இறக்கத்தைக் கழித்துவிட்டுப் பாடத்தின் பங்கைக் காண முடியும்.

அந்த இரண்டாவது குழுவுக்கு எதுவும் கொடுக்காமல் காத்திருக்கச் சொல்வதும் போதாது. தன்னை யாரோ பொருட்படுத்தி அரை மணி நேரம் கேட்டார்கள் என்பதே ஒரு பிள்ளைக்குத் தெம்பு தரும். ஆகவே அதே நீளமும் அதே கனிவும் கொண்ட, ஆனால் வளர்ச்சி மனப்பான்மை பற்றிப் பேசாத ஒரு பாடத்தை அவர்களுக்குத் தர வேண்டும். அமெரிக்காவில் 13 முதல் 16 வயதுக்குட்பட்ட 2,452 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியான ஆய்வு இதைச் சரியாகச் செய்தது. ஒரு குழுவுக்கு வளர்ச்சி மனப்பான்மைப் பாடம், இன்னொரு குழுவுக்கு மனத்துக்குப் பிடித்த செயல்களில் மீண்டும் ஈடுபடத் தூண்டும் பாடம், மூன்றாவது குழுவுக்கு உணர்வுகளைப் பிறரோடு பகிர்ந்துகொள்ள ஊக்குவிக்கும் பாடம் தரப்பட்டன. மூன்று மாதங்களுக்குப் பின் முதல் இரண்டு குழுக்களிலும் மனச்சோர்வு, மூன்றாவது குழுவைவிடச் சுமார் 0.18 திட்ட விலக்க அளவு (திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவுகோல்) கூடுதலாகக் குறைந்திருந்தது. சிறிய வேறுபாடுதான். ஆயினும் அரை மணி நேரப் பாடம் ஒன்று இத்தகைய கடும் ஒப்பீட்டையும் தாண்டி நின்றது என்பதால் அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இவ்வளவு சிறிய வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எத்தனை பேர் தேவை என்று முன்கூட்டியே கணக்கிடாமல் இறங்குவதும் வழக்கமாக நிகழ்வதே. 0.18 அளவுள்ள விளைவை 80 சதவீத வாய்ப்போடு காண, ஒரு குழுவுக்கு ஏறத்தாழ 485 பேர் வேண்டும். தனி மாணவர்களை அல்லாமல் வகுப்புகளை முழுமையாகக் குலுக்கிப் பிரித்தால், ஒரே வகுப்பினர் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் இந்த எண்ணிக்கை இரு மடங்குக்கு மேலும் போகலாம். நாற்பது பேரை வைத்துச் சோதித்துவிட்டுப் பலனில்லை என்று அறிவிப்பதும், தற்செயலாக வந்த பெரிய எண்ணைக் கொண்டாடுவதும் ஒரே தவறின் இரு முகங்கள்.

இடையில் விலகியவர்களைக் கணக்கிலிருந்து நீக்குவது இதனினும் ஆபத்தானது, ஏனெனில் அது வெளியே தெரிவதில்லை. முந்நூறு பேர் தொடங்கி நூற்றெண்பது பேர் மட்டுமே இறுதி வினாத்தாளை நிரப்பியிருந்தால், மீதி நூற்றிருபது பேர் யார் என்பதுதான் முதலில் எழ வேண்டிய கேள்வி. எழுந்து முகம் கழுவவும் மனமில்லாத நாளில் ஒரு பிள்ளை வினாத்தாளைத் திறப்பதில்லை. மிகவும் துன்பப்படுபவர்களே அதிகம் விலகியிருந்தால், எஞ்சியவர்களின் சராசரி தானாகவே நன்றாகத் தோன்றும். எனவே முதலில் எந்தக் குழுவில் சேர்க்கப்பட்டார்களோ அந்தக் குழுவிலேயே அனைவரையும் வைத்து ஆராய வேண்டும், ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் பாடத்தின் எந்தப் பக்கத்தில் விலகினார்கள் என்பதையும் வெளியிட வேண்டும்.

முடித்தவர் எல்லோரும் கற்றவர் என்று எண்ணுவதும் பிழையே. முப்பது நிமிடப் பாடத்தை நான்கு நிமிடங்களில் கடந்து, ஆறுதல் கடிதம் எழுத வேண்டிய கட்டத்தில் ‘சரி’ என்ற ஒரே சொல்லைத் தட்டிவிட்டுப் போனவரின் பதிவையும், தன் கதையைப் பத்து வரிகளில் கொட்டியவரின் பதிவையும் கணினி ஒரே மாதிரி ‘நிறைவு’ என்றே குறிக்கும். பக்கத்துக்குப் பக்கம் செலவான நேரத்தையும் எழுதிய வரிகளையும் ஒருவர் உட்கார்ந்து படித்தால்தான் பாடம் எங்கே பிள்ளைகளின் கையைவிட்டு நழுவுகிறது என்பது விளங்கும். பரிசுத்தொகை அறிவித்து ஆள் சேர்த்தால் போலிக் கணக்குகளும் தானியங்கி நிரல்களும் உள்ளே நுழையும். அவற்றைச் சலிக்கும் விதியை முன்பே எழுதி வையுங்கள்.

எதை அளக்கிறோம் என்பதிலும் தெளிவு வேண்டும். ‘மனிதர் மாற முடியும்’ என்ற கூற்றைப் பாடம் முடிந்த கையோடு ஒரு மாணவர் ஒப்புக்கொண்டால், சொன்னதை நினைவில் வைத்திருக்கிறார் என்பதற்கே அது சான்று. மனநலம் மேம்பட்டதா என்பதைச் சில மாதங்கள் கழித்தே அறிய முடியும். அதுபோல, படிப்பு சார்ந்த சான்றை மனநலத்துக்குக் கடன் வாங்கக்கூடாது. அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்து 2019-இல் வெளியான பெரிய ஆய்வு, பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் சராசரி 0.1 புள்ளி உயர்ந்ததைக் காட்டியது. அது மதிப்பெண்ணைப் பற்றிய முடிவு, மனச்சோர்வைப் பற்றியதல்ல.

தீங்கு விளையுமா என்று பார்க்காமல் விடுவதை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை. ‘முயன்றால் மாறலாம்’ என்ற வாக்கியம், வகுப்பில் நாள்தோறும் கேலிக்கும் அடிக்கும் ஆளாகும் பிள்ளையின் காதில் ‘மாறாதது உன் குற்றம்’ என்று விழக்கூடும். இங்கிலாந்தை மையமாகக் கொண்டு 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்து 2022-இல் வெளியான மனவிழிப்புப் பயிற்சி (mindfulness, நிகழ்கணத்தில் கவனத்தை நிறுத்தும் பயிற்சி) ஆய்வில், வழக்கமான பள்ளிக் கல்வியைவிடக் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. அது வேறு வகைப் பயிற்சிதான் என்றாலும், நல்லெண்ணத்தோடு தருவதாலேயே ஒன்று நன்மை செய்துவிடாது என்பது இங்கும் பொருந்தும். யாருடைய நிலை மோசமானது, எத்தனை பேருக்கு, எந்தக் குழுவில் என்பதைச் சராசரிக்குள் புதைக்காமல் தனியே எண்ணிக் காட்ட வேண்டும்.

பி.எச்.க்யூ-9 வினாத்தாளின் ஒன்பதாவது கேள்வி, இறந்துவிடலாம் அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. ஒரு பிள்ளை நள்ளிரவில் தனியே அமர்ந்து ‘ஏறக்குறைய ஒவ்வொரு நாளும்’ என்று குறித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறது. அந்த விடையோ மூன்று மாதம் கழித்துப் பகுப்பாய்வின்போதுதான் ஒருவர் கண்ணில் படுகிறது. இந்த நிலை வரவே கூடாது. அந்த விடை குறிக்கப்பட்ட நொடியிலேயே திரையில் உதவி எண் தோன்ற வேண்டும், அதைப் பார்க்கும் பொறுப்பு எந்த மனநலப் பணியாளருடையது, எத்தனை மணி நேரத்துக்குள் அவர் யாரைத் தொடர்புகொள்வார், பெற்றோருக்கு எந்தச் சூழலில் தெரிவிக்கப்படும் என்பவற்றை ஒப்புதல் படிவத்திலேயே மாணவருக்குப் புரியும் சொற்களில் எழுதியிருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்ய இயலாதவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கும் முன்பே, அதைச் செய்ய இயன்ற ஒரு மருத்துவக் குழுவோடு சேர்ந்துகொள்ள வேண்டும்.