பழைய அமெரிக்க போர்க்கப்பல்ல இருந்தவருக்கு ஆஸ்பெஸ்டாஸ் நோயா? விஏ கிளெய்ம் போடற விதம்

உங்க மாமனாரோ பக்கத்து வீட்டுப் பெரியவரோ 1980க்கு முன்னாடி அமெரிக்க நேவியில இருந்தவரா? இப்ப மூச்சு வாங்குது, நுரையீரல்ல ஏதோ தெரியுதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரா? அப்ப இன்னைக்கே விஏல, அதாவது முன்னாள் படைவீரர் துறையில, இன்டென்ட் டு ஃபைல், அதாவது கிளெய்ம் போடப் போறேன்னு முன்னாடியே சொல்லி வைக்கற பேப்பர், போட்டுடுங்க. ஃபார்ம் 21-0966. ஆன்லைன்ல முடியும், போன்லயும் முடியும். இது போட்ட தேதியில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள முழு கிளெய்ம் போட்டு அது பாஸ் ஆனா, சர்வீஸ்ல வந்த நோய்க்கு விஏ மாசா மாசம் தர்ற பணத்தை இந்த தேதியில இருந்தே கணக்கு போட முடியும். பேப்பர் எல்லாம் சேரட்டும்னு காத்திருந்தா அந்த மாசங்களோட பணம் போயிடும்.

நம்ம ஊர்ல ஆஸ்பெஸ்டாஸ்னா கூரை ஷீட் தான் ஞாபகம் வரும். 1930கள்ல இருந்து 1970கள் வரைக்கும் கட்டின அமெரிக்க கப்பல்கள்ல அது பாய்லர், டர்பைன், பம்ப், வால்வு, கேஸ்கெட்னு எல்லாத்துலயும் இருந்தது. ஸ்டீம் பைப் மேல கை ஒடிஞ்சா கட்டு போடற மாதிரி அதை சுத்தி வெச்சிருப்பாங்க, ரிப்பேர் வந்தா அதைப் பிச்சு எடுக்கணும், ஒட்டிக்கிட்ட பழைய கேஸ்கெட்டை வயர் பிரஷ் வெச்சு சுரண்டணும், இதெல்லாம் காத்து சரியா போகாத பாய்லர் ரூம்ல, முகத்துல மாஸ்க் இல்லாம. அந்தத் தூசியோட நோய் வெளிய தெரிய 20, 40, சில பேருக்கு 50 வருஷம் கூட ஆகும். அதனால தான் இப்ப 70, 80 வயசுல வருது.

பாக்ட் ஆக்ட்னு 2022ல ஒரு சட்டம் வந்துச்சே, அதுல தானா கிடைச்சுடும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அது முக்கியமா பர்ன் பிட் புகை (படை முகாம்ல குப்பை எரிச்ச குழியோட புகை), ஏஜென்ட் ஆரஞ்ச் (வியட்நாம் போர்ல தெளிச்ச களைக்கொல்லி) மாதிரி விஷயங்களுக்கு. கப்பல் ஆஸ்பெஸ்டாஸுக்கு நோய் இருக்கு, சர்வீஸ்ல தூசி பட்டது, அந்தத் தூசியால தான் இந்த நோய்ங்கற மூணையும் நாம தான் காட்டணும். மெயின் ஃபார்ம் 21-526ஈஇசட்.

நோய்க்கு சிடி ஸ்கேன், பயாப்ஸி இருந்தா அது, மூச்சு டெஸ்ட் ரிப்போர்ட். நுரையீரல் உறையில தழும்பு மட்டும் இருந்து மூச்சு நல்லா இருந்தா பெரும்பாலும் பணம் வராது.

ரெண்டாவதுல தான் நிறைய கிளெய்ம் சறுக்குது. டிடி-214ல, அதாவது படையை விட்டு வெளிய வந்தப்ப தந்த சர்வீஸ் சான்றிதழ்ல, அவர் என்ன வேலை பார்த்தார்னு இருக்கும், முழு சர்வீஸ் ஃபைல் வேணும்னா எஸ்எஃப்-180 நிரப்பி செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்க. அங்க 1973ல தீ விபத்து நடந்தது உண்மை தான், எரிஞ்சது ஆர்மி, ஏர்ஃபோர்ஸ் ஃபைலுங்க, நேவி ஃபைல் தப்பிச்சது, அதனால ரெக்கார்ட் எரிஞ்சு போச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. எந்த வேலைக்கு எவ்வளவு வாய்ப்புன்னு விஏகிட்டயே ஒரு பட்டியல் இருக்கு, பாய்லர் டெக்னீஷியன், மெஷினிஸ்ட்ஸ் மேட் (இன்ஜின் ரூம் மெக்கானிக்) எல்லாம் அதுல மேல இருக்கும். சமையல்காரர், கிளார்க்னா வாய்ப்பு குறைவுன்னு தான் போட்டிருக்கும், அவங்களுக்கு வாக்குமூலம் தான் உயிர்.

எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர் மொதல்ல எழுதினது ஒரே வரி, கப்பல்ல ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததுன்னு. கூட உட்கார்ந்து கேட்டப்ப தான் ஒவ்வொண்ணா வந்துச்சு, படுக்கைக்கு நேர் மேல பைப் ஓடினது, பீரங்கி சுட்டா வெள்ளைத் தூசி போர்வை மேல கொட்டினது, அதை உதறிட்டுப் படுத்தது. இது தான் எழுத வேண்டியது. கப்பல் பேர், நம்பர், வருஷம், எந்த ரூம், கையால என்ன செஞ்சார், டாக்யார்ட்ல ரிப்பேருக்கு நின்னப்ப கப்பல்லயே இருந்தாரா, எல்லாம். கூட வேலை பார்த்தவர் உயிரோட இருந்தா அவர்கிட்டயும் 21-10210ல ஒரு சாட்சி எழுதி வாங்குங்க.

மூணாவது டாக்டர் லெட்டர். "இருக்கலாம்"னு எழுதினா வேலைக்கு ஆகாது, பாதிக்குப் பாதி அல்லது அதுக்கு மேல வாய்ப்பு இருக்குன்னு, ஏன்னு காரணத்தோட எழுதணும். சிகரெட் பிடிச்சவரா, மறைக்காதீங்க. சிகரெட்டும் ஆஸ்பெஸ்டாஸும் சேர்ந்தா நுரையீரல் கேன்சர் ஆபத்து பல மடங்கு ஏறும், அதை டாக்டரே லெட்டர்ல பேசட்டும். நேவிக்கு அப்புறம் பார்த்த வேலையையும் விஏ கேக்கும், உள்ளதைச் சொல்லுங்க.

நோய் எவ்வளவு பாதிச்சிருக்குன்னு விஏ ஒரு சதவீதம் போடும், பணம் அதை வெச்சு தான். மெசோதீலியோமா (நுரையீரல் உறையில ஆஸ்பெஸ்டாஸால வர்ற கேன்சர்), நுரையீரல் கேன்சர் ரெண்டுக்கும் நோய் இருக்கற வரைக்கும் 100 சதவீதம். ஆஸ்பெஸ்டோசிஸுக்கு (தூசியால நுரையீரலே தழும்பாகி இறுகற நோய்) மூச்சு டெஸ்ட் நம்பர் தான் முடிவு பண்ணும், எஃப்விசி, அதாவது முழுசா இழுத்து ஊதற மூச்சு, இருக்க வேண்டிய அளவுல 75ல இருந்து 80 சதவீதத்துக்குள்ள இருந்தா விஏ கணக்குல 10 சதவீதம், 50க்குக் கீழ போனா 100. விஏ கூப்பிடற எக்ஸாமுக்கு கட்டாயம் போகணும், போகலைன்னா கிளெய்ம் விழுந்துட வாய்ப்பு அதிகம். நோய் முத்திடுச்சுன்னா 20-10207 போட்டு சீக்கிரம் பார்க்கச் சொல்லுங்க, மெசோதீலியோமா காத்திருக்கற நோய் இல்ல.

டிஏவி, அமெரிக்கன் லீஜியன், விஎஃப்டபிள்யூ மாதிரி முன்னாள் படைவீரர் சங்கத்து ஆளுங்க இதையெல்லாம் இலவசமா செஞ்சு தருவாங்க. மொத கிளெய்முக்கு யாரும் காசு வாங்கவே கூடாது, வர்ற பணத்துல பங்கு கேட்டு போன் வந்தா வெச்சுடுங்க. நேவி மேல கேஸ் போட முடியாது, 1950லயே சுப்ரீம் கோர்ட் முடிச்சு வெச்சது. ஆஸ்பெஸ்டாஸ் சாமான் செஞ்ச கம்பெனிகள் மேல போடலாம், திவாலான கம்பெனிகளோட டிரஸ்ட்ல கேக்கலாம், அந்தப் பணம் வந்தாலும் விஏ டிஸெபிலிட்டி தொகை குறையாது. அதுக்கு மாநிலத்துக்கு மாநிலம் கெடு வேற, தள்ளிப் போடாதீங்க.

அவர் தவறிட்டா மனைவி தனக்கு வர வேண்டிய பணத்துக்கு 21பி-534ஈஇசட் போடணும், ஒரு வருஷத்துக்குள்ள போட்டா இறந்த மாசத்துல இருந்தே கணக்கு. துக்கத்துல யாருக்கும் தோணாது, ஆனா டெத் சர்டிஃபிகேட்ல வெறும் ஹார்ட் நின்னு போச்சுன்னு மட்டும் எழுதியிருந்தா பெரிய சிக்கல், நுரையீரல் நோய் பேரையும் சேர்க்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க.

மறுத்துட்டாங்கன்னா லெட்டரை முழுசாப் படிங்க, மூணுல எது பத்தலைன்னு அதுலயே இருக்கும். அந்த ஒண்ணுக்கு மட்டும் புது ஆதாரம் தேடி, மறுபடி பார்க்கச் சொல்ற 20-0995 ஃபார்ம்ல ஒரு வருஷத்துக்குள்ள திருப்பி அனுப்புங்க, பழைய தேதி கையை விட்டுப் போகாது.