ஈரத்தின் மேல் மை பூசாதீர்கள்: கிராஸிங் மேசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் கிராஸிங் அறைப் பக்கமாகப் போனேன்; அறுவையில் எடுத்த திசுவைப் பார்த்து வெட்டுகிற அறை அது. முதலாண்டு பிஜி (முதுகலை மருத்துவ மாணவர்) ஒருவர் ஃபார்மலின் டப்பாவிலிருந்து மார்பகக் கட்டி ஒன்றை இடுக்கியால் தூக்கி, சொட்டச் சொட்ட அப்படியே பலகையில் வைத்து, நீல மையைத் தடவ ஆரம்பித்தார். மை பூசிய இடத்தில் நிற்கவில்லை. ஃபார்மலினோடு சேர்ந்து பலகையெல்லாம் ஓடியது. "கொஞ்சம் பொறுங்க" என்றேன். "இன்னும் ஏழு டப்பா இருக்கு மேடம்" என்றார். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன பதிலும் ஏறக்குறைய இதேதான். எண்ணிக்கைதான் வேறு.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவைத் துண்டு துண்டாக வெட்டி, கேசட் என்கிற சின்னப் பெட்டியில் போட்டு, ஆல்கஹாலில் நீரை இறக்கி, சைலீனில் ஊறவைத்து, சுமார் 60 டிகிரி மெழுகில் தோய்த்து, மெழுகுக் கட்டியாக்கி (இதுதான் பிளாக்), அப்புறம் மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவிக் கண்ணாடியில் ஒட்டுகிறோம். அந்தச் சீவலைப் பார்த்து எது மேல்பக்கம், எது இடப்பக்கம், சர்ஜனின் கத்தி எங்கே பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் வெட்டுவதற்கு முன்பே வெளிப்பரப்பில் பக்கத்துக்கு ஒரு நிறம் பூசிவிடுகிறோம். சாதாரண எழுதும் மை இதற்கு ஆகாது. அதிலுள்ள சாயம் கரையக்கூடியது, ஆல்கஹாலிலேயே போய்விடும். இந்தியன் இங்க் நிற்கிறது என்றால், அதிலிருப்பது கரையாத கரித்தூள். கடையில் வாங்கும் ஐந்தாறு நிறத் திசு மைகளும் இப்படிக் கரையாத நிறமித் துகள்களை நம்பித்தான் இருக்கின்றன.

டப்பாவில் பெயர் இல்லாதது, நம்பர் சரிபார்க்காதது இதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதற்கு எல்லா லேப் சுவரிலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது.

ஈரத்தின் மேல் மை

இதை நீளமாகவே சொல்லப் போகிறேன். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிற விஷயம் இது.

மார்பகத்தை முழுதாக அகற்றாமல், கட்டியை மட்டும் சுற்றியுள்ள கொஞ்சம் நல்ல திசுவோடு எடுக்கும்போது, சர்ஜன் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: முழுசா வந்துடுச்சா? அதற்கு நாங்கள் பதில் சொல்வது மையைப் பார்த்துத்தான். அமெரிக்காவின் அறுவைப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் சேர்ந்து 2014இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டன. ஆரம்பகட்டப் பரவும் வகைப் புற்றில், பின்னால் முழு மார்பகத்துக்கும் கதிர்வீச்சு கொடுப்பதாக இருந்தால், மையின் மேல் புற்றுச் செல் இல்லாவிட்டால் போதும், அதற்கு மேல் இடைவெளி தேடி மறுபடி வெட்ட வேண்டியதில்லை என்பது அதன் சாரம். பால்நாளத்தைத் தாண்டாத டிசிஐஎஸ் வகைக்கு 2016இல் 2 மில்லிமீட்டர் என்றார்கள். அந்த 2 மில்லிமீட்டரையும் மையிலிருந்துதான் அளக்க வேண்டும். ஆக, மை எங்கே இருக்கிறதோ அதுதான் விளிம்பு. வேறு சாட்சி கிடையாது.

இப்போது மார்பகத் திசுவை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கொழுப்பு. கையில் எடுத்தாலே மேற்பரப்பில் விரிசல் விடும். அந்த விரிசல்களுக்குள் ஃபார்மலின் தேங்கி நிற்கும். அதன்மேல் மையை வைத்தால், மை அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே இறங்கும். காய்வதற்குள் கத்தியை வைத்தால் கத்தியும் தன் பங்குக்கு மையை உள்ளே இழுத்துக்கொண்டு போகும்.

நான் முதலாண்டில் இருந்தபோது ஒரு சாயங்காலம் ஒன்பது டப்பா பாக்கி. ஆறாவது டப்பாவில் ஐம்பதை ஒட்டிய ஒரு அம்மாவின் மார்பகக் கட்டி. துடைக்கவில்லை. ஆறு பக்கத்துக்கும் ஆறு நிறத்தைத் தடவி, அதே நிமிஷத்தில் வெட்டினேன். மூன்று நாள் கழித்து ஸ்லைடில் பார்த்தால், புற்றுச் செல்களை ஒட்டிப் பச்சை மை. எங்கள் மேடம் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "இது விளிம்பா, விரிசலா?" எனக்குத் தெரியவில்லை. பிளாக்கை இன்னும் ஆழமாகச் சீவிப் பார்த்தோம். அங்கேயும் பச்சை. "அதே இடத்துல வேற நிறம் ஏதாவது கலந்திருக்கா பாரு" என்றார். கொஞ்சம் நீலம் இருந்தது. ஆனால் கொஞ்சம்தான். அதை வைத்து விளிம்பு சுத்தம் என்று கையெழுத்துப் போட அவருக்கு மனம் வரவில்லை. எனக்கும் வந்திருக்காது.

"விளிம்பில் புற்று இல்லையென்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை" என்று ரிப்போர்ட் போனது. அந்த அம்மா மறுபடி மயக்க மருந்து, மறுபடி அறுவை, மறுபடி டிரெயின் குழாய். கதிர்வீச்சு தள்ளிப்போனது. இரண்டாவது முறை எடுத்த திசுவும் என் மேசைக்கே வந்தது. முழுவதையும் பிளாக் போட்டுப் பார்த்தேன். கொழுப்பும் ஆறிவரும் தழும்பும் தவிர ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒன்றுமில்லை என்பதாலேயே முதலில் பார்த்த மை பொய் என்று ஆகிவிடாது, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சந்தேகமே வந்திருக்க வேண்டாம். ஒரு துண்டு காஸ் துணியும் ஐந்து நிமிஷமும் போதுமாக இருந்தது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. டப்பாவிலிருந்து எடுத்ததும் காஸ் துணியாலோ டிஷ்யூ பேப்பராலோ ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கொழுப்பு பிய்ந்து புது விரிசல் விழும். மேற்பரப்பின் பளபளப்பு போய் மங்கலாகத் தெரிகிறவரை ஒற்றுங்கள். பஞ்சுக் குச்சியில் மையைத் தொட்டு மெல்லிசாகத் தடவுங்கள். குப்பியைக் கவிழ்த்து ஊற்றுவதோ மைக் கிண்ணத்தில் முக்குவதோ வேண்டாம். பூசியதும் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தெளியுங்கள், அது மையைப் பரப்பிலேயே பிடித்து நிறுத்தும். தனியாக அமிலம் இல்லாத லேப்களில் மளிகைக் கடை வெள்ளை வினிகரையே வைத்திருப்பார்கள். அதன் வீரியமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், வேலை நடக்கும். மறுபடி ஒற்றி எடுத்து, விரலால் தொட்டால் கையுறையில் மை ஒட்டாத பிறகு வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடையுங்கள்.

நுண்ணோக்கியில் உண்மையான விளிம்பு மை, திசுவின் ஓரத்தோடு கோடு போட்ட மாதிரி தொடர்ந்து வரும். ஓடிப்போன மை விரிசலுக்குள் திட்டுத் திட்டாக, சில சமயம் இரண்டு மூன்று நிறம் கலந்து கிடக்கும். பாதி நேரம் இப்படிப் பிரித்துவிடலாம். மீதிப் பாதியில்தான் அந்த அம்மா மாதிரி யாராவது மாட்டிக்கொள்கிறார்கள்.

வெட்டிய பிறகு மை

கூடாது.

நூலை முதலில் கழற்றுவது

பக்கம் தெரிவதற்காக சர்ஜன் பட்டு நூல் கட்டி அனுப்புவார். பல இடங்களில் குட்டை நூல் மேல்பக்கம், நீள நூல் வெளிப்பக்கம். மை பூசி, படம் எடுத்துவிட்டு நூலில் கை வையுங்கள்.

எந்தத் திசுவுக்கு எந்த நிறம்

நுரையீரலுக்குக் கறுப்பு மை பூசுகிற பிஜி வருஷத்துக்கு ஒருவராவது வருகிறார். நகரத்தில் வாழ்கிற, புகை பிடிக்கிற யாருடைய நுரையீரலிலும் கரி ஏற்கெனவே படிந்திருக்கும். நெஞ்சுக்குள்ளிருக்கும் நிணநீர் முடிச்சுகளிலும் அதே கரி. நம் மையும் கரிதான். எது நோயாளி சுவாசித்தது, எது நாம் பூசியது என்று அப்புறம் கண்ணைக் கசக்க வேண்டும். நுரையீரலுக்கு நீலமோ பச்சையோ போதும்.

சிவப்பு கையில் எடுத்தால் பளிச்சென்று இருக்கும். ஸ்லைடில் ஈயோசின் என்கிற சாயம் எல்லாவற்றையும் இளஞ்சிவப்பாக்கிவிடும், மை அதில் ஒளிந்துகொள்ளும். வேறு நிறம் தீர்ந்துபோனால் மட்டும் சிவப்பு. இம்யூனோ (ஆன்டிபாடி கொண்டு குறிப்பிட்ட புரதத்தைத் தேடும் சோதனை) செய்ய வாய்ப்புள்ள கேஸில் பழுப்பையும் ஆரஞ்சையும் தவிர்க்கலாம், அதில் நிறம் காட்டப் போடும் டிஏபி கொடுக்கும் நிறமும் பழுப்புதான். மச்சம், மெலனோமா கேஸ்களுக்கும் இதே யோசனை பொருந்தும், மெலனினும் பழுப்பு.

நிறக் குறிப்பை மனதில் வைத்துக்கொள்வது

எழுதுங்கள். வெட்டுவதற்கு முன், அதே தாளில்.

எங்கள் லேபில் புராஸ்டேட் என்றால் வலது நீலம், இடது கறுப்பு. இரண்டு தெரு தள்ளியுள்ள லேபில் தலைகீழ். வேறு ஊரில் பார்த்த பிளாக்குகள் இரண்டாம் கருத்துக்காக வரும்போது, ரிப்போர்ட்டில் நிறக் குறிப்பு இல்லையென்றால் அந்த மை வெறும் அலங்காரம்தான்.

ஸ்லைடில் மார்க்கர் பேனா

கடையில் 'அழியாதது' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அது தண்ணீரில் அழியாது, அவ்வளவுதான். ஆல்கஹாலும் சைலீனும் பட்டால் நொடியில் வழிந்துவிடும். ஒருமுறை ஸ்டெயினிங் ரேக்கிலிருந்து வெளியே வந்த பன்னிரண்டு ஸ்லைடில் ஒன்றில்கூட நம்பர் இல்லை. ஒவ்வொன்றையும் அதனதன் பிளாக்கோடு வடிவம் பார்த்துப் பொருத்த எங்கள் சீனியர் டெக்னீஷியனுக்கு அன்று மதியச் சாப்பாடு போனது. அவர் எழுதியதற்கே அவர் மாட்டிக்கொண்டார் என்பதால் யாரையும் திட்டவும் முடியவில்லை. ஸ்லைடின் சொரசொரப்பான முனையில் பென்சிலால் எழுதுங்கள். கிராஃபைட் எந்தக் கரைப்பானுக்கும் அசையாது.

ஊசி பயாப்ஸியில் நிறத்தையே அடையாளமாக நம்புவது

நூல் மாதிரி இருக்கும் புராஸ்டேட் பயாப்ஸிகளில் ஒன்று கேசட் மாறினால் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் சில லேப்களில் அடுத்தடுத்த நோயாளிகளுக்கு வேறு வேறு நிறம் பூசுகிறார்கள். நீல நோயாளியின் பிளாக்கில் பச்சைத் துணுக்கு தெரிந்தால் கலப்படம் நடந்திருக்கிறது என்று உடனே புரியும். நல்ல பழக்கம்தான். ஆனால் ஐந்து நிறத்தைச் சுற்றிச் சுற்றிப் பூசினால் ஆறாவது ஆளுக்கு முதல் ஆளின் நிறம் வந்துவிடும். கேசட் நம்பர் சொல்வதை நிறம் சந்தேகிக்கலாம், நம்பருக்குப் பதிலாக நிறம் நிற்க முடியாது. அப்புறம், துளியூண்டு திசுவில் மையை அப்பாதீர்கள். மெழுகில் வைக்கும்போது துணுக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது மட்டும்தான் நோக்கமென்றால், ஆல்கஹாலில் ஒரு சொட்டு ஈயோசின் போதும்.

பூவான் கரைசல்

மையை நிறுத்த அசிட்டிக் அமிலத்துக்குப் பதில் பூவான் என்கிற திசு பதப்படுத்தும் கரைசலைப் பயன்படுத்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மை நன்றாகவே நிற்கும். ஆனால் அதிலுள்ள பிக்ரிக் அமிலம் தொட்டதையெல்லாம் மஞ்சளாக்கும், அதனால் அன்றைக்கு மஞ்சள் மையை எடுக்காதீர்கள். இன்னொன்று: பிக்ரிக் அமிலம் காய்ந்துபோனால் வெடிபொருள். அலமாரியின் பின்வரிசையில் மூடியைச் சுற்றி மஞ்சள் படிகம் பூத்த பழைய பாட்டில் ஏதாவது கண்ணில் பட்டால் திறந்து பார்க்காதீர்கள், துடைக்காதீர்கள், நகர்த்தக்கூட வேண்டாம். பாதுகாப்பு அலுவலரைக் கூப்பிட்டுவிட்டு அறையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.