எஃப்எம்எல்ஏ விடுப்பு: அமெரிக்காவில் நம்மவர்கள் சறுக்கும் இடங்கள்

நடுராத்திரியில் ஊரிலிருந்து போன். "அப்பாவை ஐசியுவில சேர்த்திருக்கு, உடனே கிளம்பி வா." மேனேஜருக்கு "குடும்பத்தில் அவசரம்" என்று ஒரு வரி தட்டிவிட்டு விமானம் ஏறுகிறோம். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட நேரத்தில் விடுப்பு தருவதற்காக 1993-இல் வந்ததுதான் எஃப்எம்எல்ஏ (FMLA) என்ற குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம். அதன் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதில்லை. ஆனால் "அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், கூட இருந்து நான்தான் கவனிக்க வேண்டும், மூன்று வாரமாவது ஆகும்" என்று எழுதினால்தான் நிறுவனத்துக்கு விஷயம் புரியும். பிரசவம், நாள் குறித்த ஆபரேஷன் என்றால் 30 நாள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

எல்லோருக்கும் இந்த விடுப்பு கிடைக்காது. தனியார் நிறுவனம் என்றால், அங்கே மொத்தம் 12 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். கடைசி 12 மாதத்தில் 1,250 மணி நேரம் உண்மையில் உழைத்திருக்க வேண்டும் (லீவில் இருந்த நேரம் கணக்கில் வராது). நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலிருந்து 75 மைலுக்குள் நிறுவனத்துக்கு 50 ஊழியர்களாவது இருக்க வேண்டும்.

நம் வீடுகளில் அதிகம் அடிபடும் இடம் மாமனார், மாமியார். நமக்கு அவர்களும் அப்பா அம்மாதான், சட்டத்துக்கு அப்படியில்லை. மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்றால், விடுப்பு கேட்க வேண்டியது அவர் பெற்ற பிள்ளை. ஆனால் சின்ன வயதில் பெற்றோர் இடத்தில் இருந்து உங்களை வளர்த்தவர் பாட்டி என்றால், அவருக்காக நீங்கள் கேட்கலாம். இது பலருக்குத் தெரியாமலே போகிறது.

அடுத்தது மருத்துவச் சான்றிதழ். நிறுவனம் கேட்டால் பொதுவாக 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். மதுரை டாக்டர் எழுதிக் கொடுத்ததும் செல்லும். ஆனால் லெட்டர்ஹெட்டில் "ஓய்வு தேவை" என்ற ஒற்றை வரி போதாது. நோய் எப்போது தொடங்கியது, எத்தனை நாள் நீடிக்கும், பக்கத்தில் ஆள் ஏன் வேண்டும் எல்லாம் அதில் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆவதற்குள் சான்றிதழ் படிவத்தை நிரப்பி வாங்கிவிடுங்கள். வீடு திரும்பியபின் அந்த டாக்டரைப் பிடிப்பது பெரும்பாடு. ஏதாவது குறையிருந்தால் நிறுவனம் அதை எழுத்தில் சொல்லி, சரிசெய்ய 7 நாள் தர வேண்டும்.

இந்தச் சட்டம் ஆண்டுக்குத் தரும் 12 வார விடுப்பையும் ஒரே மூச்சில் எடுத்துத் தீர்ப்பவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. கீமோவோ டயாலிசிஸோ என்றால் வாரத்துக்கு ஒரு நாள், அரை நாள் என்று பிரித்தே எடுக்கலாம்.

இந்த விடுப்புக்குச் சம்பளம் கிடையாது, மருத்துவக் காப்பீடு மட்டும் தொடரும். ஆனால் சம்பளமே வராதபோது உங்கள் பங்கு பிரீமியம் எதிலிருந்து பிடிப்பார்கள்? 30 நாளுக்கு மேல் பாக்கி விழுந்தால் காப்பீடே நின்றுபோகலாம். கிளம்பும் முன் எச்ஆரிடம் பணத்தை எப்படி, எந்தத் தேதிக்குள் கட்டுவது என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.